மரகதம் செய்த பாறை

போன ஞாயிறு, துடியலூரில் நண்பர் நாகராஜின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பக்கத் தோட்டத்தில் ஐந்து பாறைகள். நான்கு, அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தவை. ஐந்தாவது... டூப்ளிகேட்! போர்வெல் பைப்பையும் வால்வையும் மறைப்பதற்காகக் கம்பி வலை மேல் சிமென்ட் பூசிச் செய்தது.

செய்தவர் மரகதம். நாற்பத்தைந்து வயதிருக்கும். கான்ட்ராக்டர் ஒருவரிடம் வேலை பார்த்துவிட்டு, தனியாக எடுத்த முதல் வேலை இது. நாகராஜ் கறாராகச் சொல்லியிருந்தார்: "சிமென்ட்டுன்னு தெரிஞ்சுதுன்னா ஒடச்சுப்போடுவேனுங்க."

தீர்ப்பு சொல்ல வந்திருந்தவர் நாகராஜின் மச்சினர் — கல்லூரியில் ஜியாலஜி பேராசிரியர். கல்லோடு குடும்பம் நடத்துகிற மனிதரை யார் ஏமாற்ற முடியும்? மரகதம் முந்தானை நுனியைச் சுருட்டியபடி கேட் ஓரம் நின்றார். பாவம் என்று நினைத்தேன்.

"தட்டிப் பாக்கக் கூடாதுங்க மச்சான். பாத்தே சொல்லோணும்" என்றார் நாகராஜ்.

பேராசிரியர் ஒரு சுற்று சுற்றினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு சுற்று. கடைசியில் ஓரத்துப் பாறையைக் காட்டினார்.

"இதுதான். வெடிப்பு கொஞ்சம் ஓவரா இருக்குது."

மரகதம் நடுவிலிருந்த பாறையிடம் போனார். கன்றுக்குட்டி படுத்திருப்பது போன்ற பாறை. குனிந்து, ஒரு பக்கமாகப் பிடித்துச் சாய்த்தார். உள்ளே... பச்சை வால்வு!

பேராசிரியர் வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டார். வெடிப்பு, வெள்ளை ரேகை, காய்ந்த பாசியின் கறுப்பு, மழைத்தண்ணீர் வழிந்த தடம்... ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா... வெடிப்பு இப்படித்தான் ஓடும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருங்க சொல்லித் தர்றது? கல்யாணமான புதுசுல இருந்து குவாரில கல்லு ஒடச்சனுங்க. எங்க அடிச்சா எப்படி வெடிப்பு உடும்னு கைக்குத் தெரியுமுங்க."

ஒன்றைப் பொய்யாகச் செய்யவே அதை எவ்வளவு நிஜமாகத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது!

நாகராஜ் தொண்டையைச் செருமினார். "அக்கா... பின்னாடி சம்ப்பு மூடி ஒன்னு இருக்குதுங்க. அதுக்கும் ஒரு பாறை செஞ்சு போடுங்க."

பேராசிரியர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "ஒரு நாள் எங்க காலேஜுக்கு வரோணுங்க. பசங்களுக்கு இத நீங்க சொன்னாத்தான் புரியும்."

மரகதம் முதல்முறையாகச் சிரித்தார்.

"வாரேனுங்க சார். கல்லு அங்க இருக்குதுங்களா... இல்ல, நான் செஞ்சு கொண்டாரட்டுங்களா?"