கம்ப்ரசர் அறை வாசலில் சவரிமுத்து அண்ணன்

அன்று காலை நான் முதலில் செய்தது, காற்றை முகர்ந்து பார்த்ததுதான். சிதம்பரத்திலிருந்து வரும் பாசஞ்சரில் முதுநகரில் இறங்கி, ஐஸ் பேக்டரி கேட்டைத் தாண்டியதும், ஐஸை உறைய வைக்கும் அமோனியா கசிகிறதா என்று கம்ப்ரசர் அறைக்குத் தள்ளியே நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். மீன் வாடை, டீசல் வாடை, அவ்வளவுதான். "ஒண்ணும் இல்லண்ணே" என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிச் சொன்னேன். வழக்கமாக அண்ணன் உட்கார்ந்திருக்கும் இடம் காலியாக இருந்தது. அறைக் கதவோ காற்றோட்டத்துக்காகத் திறந்து கிடந்தது. தனியாக உள்ளே போய்விட்டாரோ என்று பயந்து அங்கிருந்தே கூப்பிட்டேன். பதில் இல்லை. பதில் வராவிட்டால் உள்ளே ஓடக் கூடாது, வெளியே ஓடி ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். கேட்டை நோக்கி ஓடினேன். வாட்ச்மேன் போனும் கையுமாக எதிரே வந்தார்.

"அண்ணன் உள்ள இல்லம்மா. விடியக்காலம் நெஞ்சு வலின்னாராம். வூட்லயே போயிட்டாரு."

துறைமுகத்தில் உங்களில் பலருக்கு அவர் ஐஸ்காரர். எனக்குச் சக ஊழியர். நான் அலுவலகம் பார்ப்பவள், அவர் மெஷின் பார்ப்பவர். மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. திங்கட்கிழமை மெஷினை ஓட்டிவிட வேண்டும் என்கிறார் முதலாளி. புதிதாக வரும் ஆபரேட்டர் தனியாகவே கசிவு பார்த்துக்கொள்வார், வாசலில் ஆள் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். இந்த அஞ்சலியை எழுதும்போது அந்தப் பேச்சுதான் காதில் இருக்கிறது.

அமோனியாவோடு வெகுகாலம் வாழ்ந்த மூக்குக்கு அமோனியா தெரியாமல் போய்விடும். அண்ணனுக்குப் போய்விட்டது. "கொழம்பு கருகுனாகூட இவருக்குத் தெரியாது மேனேஜரம்மா, அதையும் நல்லாருக்குன்னுதான் சாப்புடுவாரு" என்பார் அவர் மனைவி பிலோமினா அக்கா. அதனால்தான் வெளியூரிலிருந்து தினமும் புதுக்காற்றோடு வரும் என்னைப் பிடித்தார். வேலைக்குச் சேர்ந்த வாரமே வாசலில் வழிமறித்துச் சொன்னார்: "ஒங்க மூக்கு சிதம்பரத்து மூக்கு. கொஞ்சம் கடன் குடுங்க."

ஆனால் மூக்கோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. "மூக்கு ஓடறதுக்கு, தாளு தேடறதுக்கு" என்பார். வாடை வந்தால் வெளியே ஓட வேண்டும், கசியும் இடத்தைத் தாள்தான் காட்டும். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் குச்சி நுனியில் செருகி, ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடிப்பார். நீலமானால் அங்கே கசிவு. பிறகு சோப்பு நுரையை ஷேவிங் பிரஷ்ஷில் எடுத்து அந்த இடத்தில் தடவுவார். நுரை கொப்பளிக்கும் இடம்தான் ஓட்டை. அவர் தாடையில் எப்போதும் நரைமுள். கேட்டால், "பைப்புக்கு டெய்லி ஷேவிங் பண்ணியே பொழுது போயிடுது" என்பார்.

அவர் உள்ளே இருக்கும்வரை நான் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். என்ன பேசுவது என்பது என் பாடு. மகளின் மார்க், ரயிலில் நடந்த சண்டை, மாமியார் வைத்த வத்தக்குழம்பு, எல்லாம் அந்த வாசலில் பேசியிருக்கிறேன். உள்ளேயிருந்து "உம்", "அப்புறம்", "அது தப்பும்மா" என்று வந்துகொண்டே இருக்கும். என் கணவரிடம்கூட அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியதில்லை. பதில் கொஞ்சம் தாமதமானால் என் குரல் உயரும். "உசுரோடதான் இருக்கேன், ஊர கூட்டிடாத" என்பார். மரியாதை கூடியும் குறைந்தும் வரும், எங்கள் பேச்சில் அது ஒரு கணக்கே இல்லை.

அவரும் தவறுகிறவர்தான். முதலாளியிடம் மல்லுக்கட்டி நான் ஒரு கேஸ் மாஸ்க் வாங்கித் தந்தேன். விலை ஜாஸ்தி என்று அதைப் பத்திரமாக கம்ப்ரசர் அறைக்குள்ளேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "கேஸ் அடிச்சா, உள்ள போய் அத யாருண்ணே எடுத்தாரது?" என்று கேட்டேன். என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றே மாஸ்க் வாசலுக்கு வெளியே ஆணியில் ஏறியது. தன்னைப் பற்றிய அந்தக் கதையை அவரே துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சீசன் உச்சத்தில் ஒரு நாள் தாள் நீலமானது. ஒரு வால்வின் கழுத்தில் கசிவு. மெஷினை நிறுத்திவிட்டார். படகுகள் காத்துக் கிடந்தன. ஒரு படகுக்காரர் கேட்டில் நின்று கத்தினார்: "இன்னா மாமா, ஐஸ் இல்லன்னா எம் மீனு நாறிடும்."

"மீனு நாறுனா கருவாடு மச்சான். நான் நாறுனா?"

கேட்டே சிரித்தது. சிரித்தபடியே எல்லோரும் காத்திருந்தார்கள். முதலாளியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. வால்வைச் சரிசெய்து, மறுபடி தாள் பிடித்து, அது சிவப்பாகவே இருந்த பிறகுதான் அண்ணன் போனை எடுத்தார்.

எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சிதம்பரம் வந்திருந்தார். சமையல்காரர் கேஸ் சிலிண்டரை மாற்றுவதைப் பார்த்ததும் பந்தியிலிருந்து எழுந்து போய், சோப்பு நுரை கேட்டு வாங்கி ரெகுலேட்டரில் தடவினார். என் மாமியார், "விருந்துக்கு வந்தவரா, கேஸ் ஏஜென்சி ஆளா?" என்றார். அண்ணன் திரும்பிப் பார்க்காமல், "வாசல்ல நின்னு பேசிக்கிட்டே இருங்கம்மா, பதில் சொல்றேன்" என்றார். மாமியார் உண்மையிலேயே நின்று பேசினார். அன்றிலிருந்து "ஒன் அண்ணன் எப்படி இருக்காரு" என்று கேட்காமல் அவர் என்னை ரயிலுக்கு அனுப்பியதில்லை.

அடக்கத்துக்குப் பிறகு பிலோமினா அக்கா என்னைத் தனியே அழைத்தார். "காலைல எழுந்து சட்ட போட்டுட்டாரு. வலிக்குதுன்னா படுங்கன்னேன். அந்தம்மா வாசல்ல வந்து நிக்கும், போவலன்னா பயந்துடும்னாரு." அக்கா தன் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தார். கம்ப்ரசரின் மெயின் ஸ்விட்ச் பெட்டிச் சாவி, அது இல்லாமல் மெஷின் ஓடாது. இருப்பது இரண்டே சாவிகள். ஒன்று என்னுடையது, இது அண்ணனுடையது. கூடவே அந்த ஷேவிங் பிரஷ்.

பிரஷ் இப்போது என் மேஜையில் பேனாக்களோடு நிற்கிறது. அதைவிட நான் வைத்துக்கொள்வது வேறொன்று: ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம்.

நேற்று முதலாளி, "நீங்க ஆபீஸ பாருங்கம்மா, அது போதும். திங்கட்கிழம சாவிய புது ஆள்ட்ட குடுத்துடுங்க" என்றார். நான் தலையசைத்தேன். புது ஆளை இன்னும் பார்க்கவில்லை. அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை வழக்கமான பாசஞ்சரில் வருவேன். காற்றை முகர்ந்து பார்ப்பேன். புது ஆள் தாளோடு உள்ளே போகும்போது வாசலில் என்னை நிற்க விட வேண்டும், இல்லை வேறொருவரை நிறுத்த வேண்டும். அதுவரை இரண்டு சாவிகளும் என் கைப்பையை விட்டு வெளியே வராது. வேலையே போனாலும் சரி. இதை இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.