ஒப்பந்தத்தில் முனிரேயின் பெயர்

பல்கலைக்கழகத்தில் தேநீர் கொடுக்கும் குல்சுமுக்கு முழங்கால் வீங்கியிருந்த குளிர்காலத்தில், மாடியில் நடந்துவந்த கூட்டங்கள் எல்லாம் திடீரென்று கீழே விமானக் கொட்டகைக்கு வந்துவிட்டன. கீழே குளிர். பசை நாற்றம் வேறு. வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஹோஜா என்று எல்லோரும் அழைக்கும் ஆசிரியை முனிரே மட்டும், "விமானம் கண்ணு முன்னாடி இருக்கட்டுமே, பேசறதுக்குச் சுலபம்" என்று சொல்லிவிட்டார். தேநீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறுவது நின்று சில வாரம் கழித்துத்தான் குல்சுமுக்கு விஷயம் புரிந்தது. தொழுகையில் ஹோஜாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எஸ்கிஷெஹிர் ஊரில் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகள் முனிரே. கல்யாணம் கூடிவரவில்லை. அம்மாவோடு ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் ஆளில்லா விமானப் பாடம் அவருடையது. காட்டில் தீப் பிடித்தால் மேலிருந்து பார்த்துச் சொல்கிற விமானம் ஒன்றைத் தன் மாணவர்களை வைத்துச் செய்யவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பல்கலைக்கழகத்தில் விமானத்தைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். எஞ்சினும் கேமராவும் விமானக் கம்பெனி ஒன்றிடம்தான் இருந்தன. அதனால் கம்பெனியைத் தேடிப் போனார்.

கம்பெனி சார்பில் வந்த அதிகாரியை எல்லோரும் மரியாதையாக நெஜ்தெத் பெய் என்றார்கள். குல்சும் ஊற்றிக் கொடுத்த தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே அவர் சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"உங்க ஆளுங்களை நம்பி எப்படி ஹோஜா இறங்கறது? ஜூன் வந்தா ஒருத்தரும் ஊர்ல இருக்கறதில்ல. ஒருத்தர் கடற்கரைக்குப் போவாரு, ஒருத்தர் மாநாட்டுக்குப் போவாரு. பையனுங்க டிகிரியை வாங்கிட்டுக் கிளம்பிடுவானுங்க. விமானம் பாதியில கெடக்கும். நான் யார் சட்டையைப் பிடிக்கிறது?"

"என் சட்டையைப் பிடிங்க" என்றார் முனிரே.

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒப்பந்தம் எழுதும்போது அந்தப் பேச்சு அப்படியே உள்ளே போய்விட்டது. திட்டத்துக்குப் பொறுப்பு முனிரே. சோதனைப் பறப்பின்போது அவர் களத்தில் இல்லையென்றால் கம்பெனி விலகிக்கொள்ளலாம். இப்படி ஒரு வரி போட்டால்தான் மேலிடம் நம்பும் என்று யோசனை சொன்னதும் முனிரேயேதான். அன்றைக்கு எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரித்த கறிப் பலகாரமான சிபெரெக்கை எல்லோருக்கும் வாங்கித் தந்தார். ஐந்து மாணவர்களுக்குக் கம்பெனி உதவித்தொகை கிடைத்தது. கொட்டகையில் விளக்கு அணையாமல் வேலை நடந்தது.

சில வருஷம் போனது. ஓர் இலையுதிர் காலத்துக் காலையில் முனிரே குல்சுமின் தேநீர் அடுக்களைக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். குல்சும் பதறிப்போனாள்.

"வந்திருச்சு அக்கா. குலுக்கல்ல எங்க பேரு வந்திருச்சு."

ஹஜ்ஜுக்கான குலுக்கல். அம்மா, அண்ணி, முனிரே என மூன்று பேரும் ஒரே விண்ணப்பமாகப் போட்டு, வருஷா வருஷம் பெயர் வராமல் காத்திருந்தவர்கள். குல்சுமும் கூடச் சேர்ந்து அழுதாள். எந்த மாதம் புறப்பாடு என்று இருவருக்குமே அப்போது நினைக்கத் தோன்றவில்லை.

ஜூனில் புறப்பாடு. எஸ்கிஷெஹிர் வானம் படை விமானங்களுக்கு உரியது. சின்ன விமானம் பறக்கவிட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வருஷம் கிடைத்த அனுமதியும் அதே ஜூன் வாரங்களுக்குத்தான்.

முனிரே கலங்கவில்லை. தன் இடத்தில் நிற்க இல்கெர் என்ற இளைய ஆசிரியரைத் தயார் செய்தார். துறைத்தலைவர் ஜாவித் ஹோஜா தலையாட்டினார். "எங்களுக்கு ஆட்சேபணை இல்லம்மா. கம்பெனி எழுதிக் கேக்கட்டும், மாத்திடலாம்." நெஜ்தெத் பெய்யும் தலையாட்டினார். "தாராளமா போயிட்டு வாங்க ஹோஜா, எங்களுக்கும் துஆ செய்ங்க. பல்கலைக்கழகம் முதல்ல எழுதட்டும்." இரண்டு பக்கத்துக்கும் இடையே போகிற எந்தக் கடிதமும் பொறுப்பாளர் கை வழியாகத்தான் போகவேண்டும். பொறுப்பாளர் முனிரே.

"இந்தப் பக்கம் கடிதமும் நானே, அந்தப் பக்கம் பதிலும் நானே" என்று குல்சுமிடம் சிரித்தார். "ரெண்டுலயும் எனக்கு நானே பணிவன்புடன்னு எழுதிக்கறேன் அக்கா."

பனி உருகும் சமயத்தில் கம்பெனி மேலிடத்து முடிவு வந்தது. புதிய பொறுப்பாளர் ஒரு சோதனைப் பறப்பையாவது பழையவரின் பக்கத்தில் நின்று முடித்திருக்க வேண்டுமாம். அப்படியென்றால் மாற்றம் அடுத்த வருஷம்தான்.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க ஹோஜா" என்றாள் குல்சும். அவளுக்கே அது தப்பென்று தெரியும்.

"பொய் சொல்லிட்டு அந்த வாசல்ல போய் எப்படி அக்கா நிக்கிறது?"

மாணவன் எம்ரா வந்தான். கம்பெனி உதவித்தொகையில் குடும்பம் நடத்துபவன், மனைவி பிள்ளைத்தாச்சி. "நீங்க போங்க ஹோஜா, கம்பெனி போனாப் போவட்டும், நாங்க பார்த்துக்கறோம்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் முனிரே ஒருவேளை போயிருப்பார் என்று குல்சும் நினைத்துக்கொள்வாள்.

புறப்பாட்டு நாளில் பள்ளிவாசல் முற்றத்தில் பேருந்து நின்றது. ஊரே கூடி ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்கச் சொல்லி விடைபெற்றுக்கொண்டிருந்தது. முனிரேயின் அம்மா மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளில்லாத விமானம்னு சொல்றே. ஆளே வேண்டாத வண்டிக்கு நீ மட்டும் எதுக்குடி வேணும்?"

"அதுக்குப் பதில் தெரிஞ்சா நான் ஏன்மா இங்க நிக்கறேன்?"

"சரி, விடு. உனக்கு நான் செஞ்ச குறையெல்லாம் மன்னிச்சிரு."

"மன்னிச்சேன்மா. நீயும் மன்னிச்சிரு."

"பார்க்கலாம். போய் வந்து சொல்றேன்" என்றார் அம்மா. அண்ணி கைத்தாங்கலாக ஏற்றிவிட்டாள். பேருந்து திரும்பும்வரை அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டவில்லை.

ஹஜ்ஜின் முக்கிய நாளான அரஃபா நாளன்று விமானம் பறந்தது. குல்சும் களத்துக்குத் தேநீர்க் குடுவை கொண்டுபோயிருந்தாள். பையன்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, முனிரே வெயிலில் தனியாக நின்று உதடசைத்துக்கொண்டிருந்தார். வைக்கோலில் மூட்டிய புகையை விமானம் உடனே கண்டுபிடித்தது. பையன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவ்வளவு நன்றாகப் பறந்ததுதான் வினையாகப் போயிற்று. கம்பெனி ஒப்பந்தத்தை இன்னும் நீண்ட காலத்துக்கு நீட்டியது. "உங்க பேரு இருக்குன்னுதான் மேலிடம் மறுபேச்சில்லாம ஒத்துக்கிச்சு" என்றார் நெஜ்தெத் பெய், பெரிய பரிசு கொடுப்பவர்போல. இல்கெரைக் கம்பெனியே நல்ல சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. எம்ராவுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. முனிரே கையெழுத்துப் போட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் குல்சும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பூர்சாவில் மகன் வீட்டோடு போய்ச் சேர முடிவுசெய்தாள். கடைசி நாள் கொட்டகை வாசலில் இருவரும் ஒருவரிடம் ஒருவர் பிழை பொறுக்கச் சொன்னார்கள். அதுதான் அவர்களுடைய கடைசிச் சந்திப்பு.

"அம்மா மன்னிச்சாங்களா ஹோஜா?" என்று கேட்டாள் குல்சும்.

"வந்து இறங்கினதும் மன்னிச்சுட்டாங்க" என்றார் முனிரே. "குலுக்கலுக்கு மறுபடியும் எழுதிப் போட்டிருக்கேன் அக்கா, இந்தத் தடவை தனியா. பேரு வந்தா வரட்டும். ஆனா துஆ கேக்கும்போது, ஜூன்ல மட்டும் வேண்டாம்னு சேர்த்துக் கேளுங்க."