நீல மூடி டப்பா

கழுவித் துடைத்த கண்ணாடிக் கிண்ணத்தை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, அதற்குள் போட என்ன இருக்கிறது என்று அக்கா தேட ஆரம்பிக்கிறார். மாடி வீட்டிலிருந்து நேற்று கொஞ்சம் பழத்துண்டுகளோடு வந்த கிண்ணம் அது. பழத்துக்குப் பழம் என்றால் அது பதில் இல்லை, வாங்கியதையே திருப்பி எறிந்ததுபோல் ஆகிவிடும். முட்டை? உருளும். கடைசியில், தைத்து மிச்சமான பூத்துணியில் ஓரம் அடித்த கைக்குட்டை ஒன்றை மடித்து உள்ளே வைக்கிறார். கிண்ணம் இன்னும் ஒல்லியாகத் தெரிகிறது. மேலே ஓர் ஆரஞ்சையும் வைத்துவிட்டு, "இப்பதான் கணக்கு நேராச்சு" என்கிறார். மாடி வீடு என்னுடையது. ஆரஞ்சு தனிக் கணக்காயிற்றே, அதற்கு என்ன செய்வது என்ற கவலை எனக்கு அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

எங்கள் கட்டடத்தில் அவருக்குச் ‘சரிக்குச்சரி அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே சொல்வோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. பாராட்டு என்றே நினைக்கிறார். பெயர் வைத்தவருக்கு ஒரு மேசை விரிப்பு கிடைத்ததாகவும் கேள்வி.

கீழ்த்தளத்தில், வீட்டின் முன்னறைதான் கடை. புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, கால்சட்டையின் நீளம் குறைப்பது, இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடிப்பது, பருத்தவர்களுக்குத் தையலைப் பிரித்துவிடுவது ஆகியவைதான் தொழில். "குண்டானவங்கதான் எனக்குப் படியளக்கிறாங்க. இளைக்கப்போறேன்னு சொல்றவங்க எல்லாம் பேச்சோட சரி" என்பார். குண்டூசிகளை உதட்டில் கடித்தபடியே பேசுவதால், அன்பாகச் சொல்வதுகூட மிரட்டல்போல் காதில் விழும். "சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டு, சாப்பிடாதவர்கள்கூட "ஆச்சு, ஆச்சு" என்று பின்வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாங்குவதில் அவரைப் போன்ற கஞ்சரும் கிடையாது. அவருடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். "மேல போனது கீழ வரணும், கீழ வந்தது மேல போகணும். வெளியிலயும் எனக்கு இதே வேலை, வீட்லயும் இதே வேலை" என்று ஒரு கையில் கிண்ணத்தோடு படியேறும்போது சொல்வார். கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிக் கிடப்பதால்தான் படியேறுகிறார் என்பதை நாங்கள் யாரும் அவரிடம் எடுத்துச் சொல்வதில்லை.

அக்கா பக்தியுள்ளவர். சர்ச்சில் இரண்டாவது பெஞ்சு, இடது ஓரம். ஒருமுறை போதகர், கிருபை இலவசம், அதை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது என்று உருகி உருகிப் பிரசங்கித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மறுநாள் போதகர் வீட்டுக்கு ஒரு ஜோடி தலையணை உறை போயிற்று. "இலவசம்னு எவ்வளவு அழகா சொன்னாரு! அதுக்கு நாம ஏதாவது செய்ய வேணாமா?" அந்த உறைக்குப் பதிலாக வந்த கேக்கும், கேக்குக்குப் பதிலாகப் போன திரைச்சீலையும் தனிக்கதை.

மனிதர்களோடு இப்படி என்றால், ஆண்டவரோடும் இப்படித்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையில் பிள்ளைகள் நடிக்கும் பிறப்பு நாடகத்துக்கு ஆண்டுதோறும் அங்கிகள் தைத்துக் கொடுப்பது அவர்தான். தூதருக்கு வெள்ளை, மேய்ப்பருக்குப் பழுப்பு, நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகளுக்கு யாரோ கொடுத்த பழைய திரைச்சீலையின் சரிகை. குழந்தை இயேசுவாகக் கிடக்கும் பொம்மையைச் சுற்றுகிற துணிக்குக்கூட நான்கு பக்கமும் ஓரம் அடித்திருப்பார். "அவரு பிள்ளையையே குடுத்தாரு. பதிலுக்கு நம்மால ஆனது நாலு அங்கி." கணக்கு நேராகவில்லை என்பது அவருக்கே தெரியும். அந்த ஒரு கணக்கில் மட்டும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

போன டிசம்பர் தொடக்கத்தில், கடை வாசலில் காகித நட்சத்திரம் கட்ட முக்காலியில் ஏறினார். முக்காலிக்கு மூன்று கால்களும் நன்றாகவே இருந்தன. சறுக்கியது அக்காவின் கால்தான். வலது மணிக்கட்டு முறிந்து, முழங்கைவரை மாவுக்கட்டு. வெட்டி வைத்த அங்கிகள் மேசைமேல் தைக்கப்படாமல் கிடந்தன.

அன்று மாலையே ஓரகத்தி வந்துவிட்டார். கணவரின் தம்பி மனைவி. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுவதும் போர்வைகளை மடித்துவிட்டு, கையில் நீல மூடி போட்ட டப்பா நிறையச் சூப்போடு வந்தார். சூப்பை அக்காவிடம் கொடுத்தார். கேட்காமலே மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

இந்த ஓரகத்தி விஷயத்தில் மட்டும் அக்காவின் போக்கு வேறாக இருக்கும் என்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். விருந்தாளியைப் போல உபசரிப்பார்; அதே விருந்தாளியைப் போலச் சீக்கிரம் வழியனுப்பியும் விடுவார். உட்கார்ந்து நாலு வார்த்தை பேச மாட்டார். காரணத்தை லிஃப்ட்காரர்தான் ஒருநாள் சொன்னார். மகன் பிறந்த கையோடு அக்காவுக்குக் கடும் காய்ச்சல். பிழைப்பாரா என்பதே சந்தேகம். அதற்குச் சில நாள் முன்னால்தான் ஓரகத்திக்குப் பிறந்த முதல் குழந்தை தங்காமல் போயிருந்தது. அக்கா எழுந்து உட்காரும்வரை அவருடைய பிள்ளைக்குப் பால் கொடுத்தவர் ஓரகத்திதான். அந்தப் பிள்ளை இப்போது வேறொரு ஊரில் வேலையில் இருக்கிறான். அம்மாவுக்கு ஒரு போன், சித்திக்கு ஒரு போன் என்று தவறாமல் பேசுகிறான்.

பாலுக்கு எதைப் பதிலாகக் கொடுப்பது? அக்கா கொடுத்துப் பார்க்காதது எதுவுமில்லை. ஆண்டுக்கு ஒரு போர்வை, துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தன் கையால் தைத்துத் தருவார். தராசு அசையவில்லை. அசையாத தராசின் எதிரில் எவ்வளவு நேரம்தான் ஒருவர் உட்கார்ந்திருக்க முடியும்?

ஆக, முதல்நாளே சூப்பு டப்பா இரண்டு ஆரஞ்சுகளோடு திரும்பிப் போகப் பார்த்தது. ஓரகத்தி வாசலில் நின்று டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே உருண்டது.

"என்னக்கா, சூப்பு குட்டி போட்டிருக்கு?"

"எடுத்துக்கிட்டுப் போடி."

ஆரஞ்சுகள் கூடைக்குத் திரும்பின. மறுநாளும் அதே சூப்பு, அதே ஆரஞ்சு, அதே ஆட்டல். "நேத்துப் பாத்த அதே ஆளுங்கதானே?" என்று ஓரகத்தி பழங்களை நலம் விசாரித்துவிட்டு வெளியே எடுத்து வைப்பார். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஆரஞ்சுகளின் முகம் சுருங்கிவிட்டது; இருவரில் ஒருவர்கூட இறங்கி வரவில்லை.

ஒருநாள் மாலை, என் கோட்டுக் கையின் நீளத்தைக் குறைப்பதற்காகப் போயிருந்தேன். ஓரகத்தி என்னை நடு அறையில் நிறுத்தி, கோட்டோடு சேர்த்து ஊசி குத்தி, "ஆடாம நில்லுங்க, ஆடுனா உங்களுக்குத்தான் குத்தும்" என்று எச்சரித்துவிட்டு, பாதியில் கிடந்த தூதர் அங்கியை முடிக்க மெஷினுக்குப் போனார். அக்கா பக்கத்து நாற்காலியில், உதட்டில் ஊசியில்லாமல், வேலையில்லாத தலைமையாசிரியரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் நான் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரல" என்றார் திடீரென்று.

மூலையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் தலையை உயர்த்தினார். "ஏன், கட்டு காலுலயா போட்டிருக்கு?"

"எத எடுத்துக்கிட்டுப் போறது? அங்கி எல்லாம் இவ தைச்சது. அவரு பிறந்த நாளுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்? வெறுங்கை முழம் போடுமா?"

மெஷின் நின்றது. "வெறுங்கைதான்க்கா முழம் போடும். கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு ஒரு முழம் அளந்து காட்டு, பாக்கலாம்."

"பேச்ச மாத்தாத. அவரு நமக்காக இறங்கி வந்தாரு…"

"வந்தாரு. வரும்போது என்ன கொண்டுக்கிட்டு வந்தாரு? சுத்துன துணி அவங்க அம்மாவோடது. படுக்கை மாட்டோடது. வானத்தையும் பூமியையும் உண்டாக்குனவரு, பசிக்குதுன்னு வீல் வீல்னு அழுது, ஒரு சின்னப் பொண்ணுகிட்ட பால் வாங்கிக் குடிச்சாரு. வெக்கப்பட்டாரா? அந்த மாட்டுத் தொட்டியக் கழுவித் துடைச்சு, உள்ள ரெண்டு ஆரஞ்சு போட்டு, மாட்டுக்காரங்கிட்ட திருப்பி அனுப்பினாங்களா மரியாள்?"

லிஃப்ட்காரர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஊசி குத்தியது. அக்கா சிரிக்கவில்லை.

"நீ பாலப் பத்திப் பேசாத."

"ஏன் பேசக் கூடாது?"

"அதுக்குத்தான் நான் இன்னும் உனக்கு ஒண்ணும் செய்யல. உன் பிள்ளைக்குச் சேர வேண்டியது அது. என் பிள்ளை குடிச்சான். நீ இந்த வாசல்ல வந்து நிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது. உன் முகத்தப் பாக்க முடியல போ."

லிஃப்ட்காரர் எழுந்து, எதையோ தேடுவதுபோல உள்ளே போனார். எனக்கும் போய்விட வேண்டும் போலிருந்தது. ஊசிகள் விடவில்லை.

ஓரகத்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அங்கியை மடியில் போட்டு நீவிக்கொண்டே பேசினார். குரலில் கேலி இல்லை.

"அக்கா, நீ காய்ச்சல்ல கெடந்த. உனக்குத் தெரியாது. எங்க வீட்ல தொட்டில் காலி. மாருல பால் கட்டி கல்லா கெடக்கு, குடிக்க ஆளில்ல. வர்றவங்க எல்லாரும் எதையாவது குடுத்துக்கிட்டே இருந்தாங்க. பழம், ஆறுதல், ஜெபம். நல்லவங்கதான். எதுவும் எனக்குள்ள இறங்கல. உன் பிள்ளை ஒருத்தன்தான் எங்கிட்ட ஒண்ணு கேட்டான். கேட்டு வாங்கிக்கிட்டான். குடிச்சுட்டு ஏப்பம் விட்டுட்டு என் தோள்லயே தூங்கிட்டான். நன்றியும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு அவன் வாங்கிக்காம இருந்திருந்தா நான் என்ன ஆயிருப்பேன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியலக்கா. ஆண்டவரு ராஜாவா வராம ஏன் கைக்குழந்தையா வந்தாருன்னு கேக்குறாங்கல்ல? எனக்கு அது அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

அங்கியை உதறி, மறுபடி மெஷினில் வைத்தார்.

"நீ என்னடான்னா," என்று மறுபடி பழைய குரலுக்கு வந்தார் ஓரகத்தி, "வருஷா வருஷம் போர்வை தைச்சுத் தள்ளுற. நாள் பூரா ஆஸ்பத்திரியில மடிக்கிறது போர்வை, வீட்டுக்கு வந்தா அங்கயும் போர்வை. பீரோ மூட மாட்டேங்குது."

அக்கா தன் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த அங்கிக் கையில தையல் கோணுது பாரு. பிரிச்சுட்டு அடி" என்றார். ஓரகத்தி பிரித்தார். மெஷின் ஓடத் தொடங்கியது. அன்று போகும்போதும் டப்பாவில் ஆரஞ்சுகள் உருளத்தான் செய்தன. பழக்கம் என்பது ஒரு மாலைப் பேச்சில் விட்டுப்போகிற சளி அல்ல.

கிறிஸ்துமஸ் காலையில் அக்கா ஆராதனைக்கு வந்தார். இரண்டாவது பெஞ்சு, இடது ஓரம். ஆண்டுதோறும் அங்கிப் பொட்டலத்தைச் சுமந்து வந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், மடியில் வைத்தார், பெஞ்சில் வைத்தார், மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டார். நாடகம் நடந்தது. ஒரு மேய்ப்பனின் அங்கி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. அக்காவின் பார்வை அந்த ஓரத்தைவிட்டு நகரவில்லை. ஆனால் முன்னணைத் தொட்டியில் பொம்மையைக் கிடத்தியதும், மேய்ப்பனை விட்டுவிட்டு அதையே பார்த்தார். நாடகத்துக்குத் துணி தைத்தவர்கள் நாடகத்தைப் பார்ப்பதில்லை. மடிப்பையும் பொத்தானையும்தான் பார்ப்பார்கள். இத்தனை வருடத்தில் அவர் கதையைப் பார்த்தது இதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

திருவிருந்தில் எல்லாரும் இரண்டு கைகளையும் குவித்து அப்பம் வாங்கினார்கள். அக்கா ஒரு கையைத்தான் நீட்ட முடிந்தது. போதகர் அதிலேயே வைத்தார். அந்த அப்பத்துக்காகத் தலையணை உறை எதுவும் போனதாக இதுவரை தகவல் இல்லை.

மதியம் கடைக்குப் போனேன். என் கோட்டு தயாராக இருந்தது. லிஃப்ட்காரர் வாசல் நட்சத்திரத்தின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக நின்றபடியே ரெண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு, நேரமாகலையா உனக்கு?" என்பவர், அன்று அடிவரைக்கும் நிதானமாகக் குடித்தார். "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். அவர் வாயிலிருந்து ஓரகத்தி கேட்ட முதல் குறை அது. ஓரகத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா எழுந்து, இடது கையால் டப்பாவைக் கழுவினார். முழங்கையில் இடுக்கிக்கொண்டு துடைத்தார். வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். கை தானாகப் பழக்கூடைக்குப் போயிற்று. அன்றுதான் வாங்கிய புது ஆரஞ்சுகள், நல்ல நிறம். ஒன்றை எடுத்தார். எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தார். கூடையிலேயே வைத்துவிட்டார்.

நீல மூடியை அழுத்தி மூடி, டப்பாவை நீட்டினார்.

ஓரகத்தி வாங்கி, வாசல்வரை போய், வழக்கம்போலக் காதருகே வைத்து ஆட்டினார். ஒன்றும் உருளவில்லை. நம்பாமல் இன்னொருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா இடது கையை நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெறும் உள்ளங்கையைக் காட்டினார்.