ஆறு மணி அக்காவின் வகுப்பு

எங்கள் பள்ளியில் அவரை எல்லோரும் ஆறு மணி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். மூன்றரைக்கு மணி அடித்ததும் ஆசிரியர்கள் பையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அவர் அப்போதுதான் சாவியோடு வருவார். பின்பக்க அறையில் நாற்பது பிள்ளைகள். வீட்டுப்பாடம், வாசிப்பு, ஆளுக்கு ஒரு வாழைப்பழம். ஆறு மணிக்குப் பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். வேலை முடிந்து வரத் தாமதமானால் ஏழு வரைகூடக் காத்திருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கிடையாது.

அதற்கு முன் பதினோரு வருடம் தையல் ஆலையில் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தவர். அந்த வருடங்களில் அவருடைய மகள் பள்ளி விட்டு வந்து, பூட்டிய வீட்டுக்குள் தனியாக இருந்தாள். "என் பொண்ணு ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டே வளர்ந்தா. இதுங்களாவது அப்படி இருக்க வேண்டாம்" என்பார்.

நான் அலுவலக எழுத்தர், அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவள். வகுப்புக்கு நிதி கொடுத்த அறக்கட்டளையின் லட்சணம் எனக்கு அத்துப்படி. வருடத்துக்கு ஒருமுறை அதிகாரி ஒருவர் வருவார். பிள்ளைகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வார். அடுத்த நிமிடமே அந்தக் கையைக் கைக்குட்டையில் துடைப்பார்.

இந்த ஜனவரியில் வந்தவர், பள்ளியின் அரையாண்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப நல்லா வாசிக்கறாங்க. ஆனா எங்க விதிப்படி, வாசிக்கக் கஷ்டப்படற பிள்ளைங்களுக்குத்தான் நிதி. மார்ச்ல நாங்க வைக்கற தேர்வுலயும் இதே மார்க் வந்தா, அடுத்த வருஷம் தர முடியாது."

"அப்போ நல்லா படிச்சா மூடிடுவீங்களா?" என்றார் அக்கா.

"மூடறதுன்னு ஏம்மா சொல்றீங்க? வெற்றிகரமா நிறைவு செய்யறோம்."

தூ, இதுவும் ஒரு பேச்சா. அதையும் வகுப்பு வாசலில் நின்று சொன்னார். உள்ளே நாற்பது பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் தேர்வு முடிவைத் தட்டச்சு செய்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது பேரும் சொல்லிவைத்தாற்போலத் தோற்றிருந்தார்கள். அக்கா வகுப்பில் போய்க் கேட்டார். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் சலவைக்கூடத்தில் வேலை செய்பவளின் மகள், எட்டு வயது, மெதுவாகச் சொன்னாள்: "தெரிஞ்சேதான் தப்பா எழுதினோம். இனிமே மூடமாட்டாங்கல்ல?"

அக்கா வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

அறக்கட்டளைக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? வேறொரு விதியை எடுத்து நீட்டினார்கள். மூன்று வருடம் நிதி வாங்கியும் மதிப்பெண் ஏறாத வகுப்பை நிறுத்திவிட வேண்டுமாம். அக்கா என் மேசையிலிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டார்.

"சார், பசங்க வேணும்னே தப்பா எழுதியிருக்காங்க. ஜனவரியில நீங்களே பார்த்தீங்களே. மறுபடி ஒரு தடவை தேர்வு வைங்க."

"வருஷத்துக்கு ஒரு தேர்வுதாம்மா கணக்கு."

"நீங்க வந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்க சார். அரை மணி நேரம் போதும்."

"கேட்டதெல்லாம் அறிக்கையில போட முடியாதும்மா" என்று வைத்துவிட்டார். மனிதனா அவன்?

மறுநாள் அவர்கள் அனுப்பிய வாசகத்தை அச்செடுத்து வகுப்புக் கதவில் ஒட்டியது நான்தான். தலைமை ஆசிரியர் சொன்னார், செய்தேன். அவர்களைக் காறித் துப்புகிற நானும் என்ன யோக்கியம்?

மூன்றரைக்கு அக்கா சாவியோடு வந்தார். பிள்ளைகள் கதவை மொய்த்துக்கொண்டு நின்றார்கள். சலவைக்கூடத்துக்காரியின் மகள் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தாள்: "மூன்றாண்டுகள் நிதியுதவி அளித்தும் மாணவர்களின் வாசிப்புத் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படாத காரணத்தால், இவ்வகுப்பு நிறுத்தப்படுகிறது."

ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வாசித்து முடித்து, திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் தப்பா எழுதியிருக்கணுமா, அக்கா?"