குடைத்துணிக் காகம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு முயல்கள் வந்தன. இரண்டுக்கும் பெயர் இல்லை. பெயரை மகள்தான் வைக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு சொல்கூடப் பேசத் தொடங்கியிருக்கவில்லை.

கணவர் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்கிறார். அவருடன் வேலை செய்யும் ஒருவர் கட்டைபறிச்சானில் முயல் வளர்க்கிறவர். ஒரு நாள் பின்னேரம் கணவர் பிஸ்கட் வந்த காட்போட் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். மகள் குனிந்து பார்த்தாள். உள்ளே வெள்ளையாக ஒன்றும் சாம்பல் நிறத்தில் ஒன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் என் சட்டையை இழுத்துப் பெட்டியைக் காட்டினாள்.

எதையும் அப்படித்தான் சொல்வாள். தண்ணீர் வேண்டுமென்றால் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போவாள். வேண்டாமென்றால் முகத்தைத் திருப்புவாள். அவளுக்கு வேண்டியது எல்லாம் எங்களுக்கு விளங்கியது. அதுதான் பிழையோ என்றுகூட யோசித்தேன். விளங்காதவள் போல நடித்தால் பேசுவாளோ? ஒரு நாள் நடித்தும் பார்த்தேன். அவள் சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தானே போய்க் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

கூட்டைக் கணவர் துறைமுகத்தில் கழித்துவிட்ட பலகைகளால் செய்தார். பலகைகளில் கறுப்பு மையில் ஏதோவொரு நாட்டின் எழுத்து அச்சடித்திருந்தது. முயல்கள் முதல் கிழமையே அந்த எழுத்தில் பாதியைக் கரம்பித் தின்றுவிட்டன. மை நஞ்சாக இருக்குமோ என்று நான் பயந்தேன். அவர் சிரித்தார். "அந்தப் பலகையில கோதுமை மா மூட்டைதான் வந்தது" என்றார். நான் நம்பாமல் மீதி எழுத்தை மண்தாள் போட்டுத் தேய்த்தேன்.

ஆஸ்பத்திரியில் மகளின் காதைச் சோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ் என்னைவிட வயதில் குறைந்தவர். மகளை நிலத்தில் உட்காரவைத்து, கட்டைகளை அடுக்கி விளையாடிவிட்டு, எழும்பி என்னிடம் சொன்னார்.

"வீட்டில கையால ஏதாவது செய்யுங்கோ, அம்மா. பிள்ளையைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு செய்யுங்கோ. செய்யேக்க அதின்ர பேரைச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டுச் சும்மா இருங்கோ."

"எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது, மிஸ்?"

"பிள்ளைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு நேரம்."

நான் சொன்னதைச் செய்கிறவள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கே தொடங்கினேன். கணவரின் பழைய காலுறையில் ஒரு மீன் தைத்தேன். சிரட்டையில் வள்ளம், அதற்கு வெள்ளைத் துணியில் பாய். பிஸ்கட் தகரத்தின் மூடியைத் தேய்த்து மினுக்கி நிலா. கடற்கரையில் இரண்டு பேருமாகப் பொறுக்கிய சிப்பிகளை ஒட்டி ஆமை. முடிந்த ஒவ்வொன்றையும் நூலில் கட்டி விறாந்தைக் கூரை வளையில் தொங்கவிடுவேன். துண்டுத் துணிகள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. அங்கே இருப்பவர் மூதூரிலிருந்து கலியாணம் முடித்து வந்தவர், வீட்டில் தையல் மெசின் வைத்திருக்கிறவர். அவருடைய தங்கைமார் கூப்பிடுகிறதைப் பார்த்து நானும் அவரை, அக்கா என்ற முறையில், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

செய்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா இருப்பதுதான் வரவில்லை. "இது என்ன? மீன். மீன் எங்க நீந்தும்? கடலில நீந்தும்." கேள்வியும் நான்தான், பதிலும் நான்தான். மகள் நூற்பந்தை மடியில் வைத்துக்கொண்டு என் வாயைப் பார்ப்பாள். முயல்களை விறாந்தையில் அவிழ்த்து விட்டிருப்போம். வெள்ளை அவளுடைய காலுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். சாம்பல் கள்ளத்தனமாக வந்து கம்பளி நூலை இழுக்கும். "நூலைத் தின்ன ஏலாது!" என்று நான் விரலை ஆட்டுவேன். "கத்தரிக்கோலைத் தொட ஏலாது. படிக்குப் போக ஏலாது. இலையை வாயில வைக்க ஏலாது." இது மகளுக்கும் முயல்களுக்கும் பொதுவான பேச்சு. மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது நினைத்தால் அந்தப் பின்னேரங்கள் எவ்வளவு அமைதியாக இருந்தன. துறைமுகத்துப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் ஒன்று வரும். படலைக்கு வெளியே, ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து நின்று, முயலுக்கென்று வைத்த கங்குன் கீரையை மோப்பம் பிடிக்கும். மகள் ஒரு தண்டை எடுத்துக் கம்பிக்குள்ளால் மானுக்கு நீட்டுவாள், அடுத்ததை முயலுக்கு. வளையில் மீனும் நிலாவும் காற்றில் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். நானோ அந்த நேரமெல்லாம் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவருடைய அக்கா, மகளுக்கு மாமி, பாலர் பாடசாலை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிய எங்களிடம் வருவார். அப்படி வந்த ஒரு நாள் மகள் வெள்ளை முயலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இஞ்ச பார், நான் எத்தினை பிள்ளையளைக் கண்டனான். பிள்ளை ஆரோட இருக்குதோ அவையைப் போலத்தான் வரும். நாள் முழுக்க வாயில்லாச் சீவனோட இருந்தால் அதுக்கு வாய் எதுக்கு?"

"மச்சாள், டொக்டர் அப்பிடி ஒண்டும்..."

"டொக்டருக்கு எத்தினை பிள்ளை தெரியும்? ஒரு நேரத்தில ஒண்டு. எனக்கு வகுப்பு நிறைய."

மதிலுக்கு அந்தப் பக்கத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற ராத்தாவுக்கு இது கேட்டுவிட்டது.

"அப்ப டீச்சர், ஊரெல்லாம் மான் நிக்கிது. திருகோணமலையில ஒரு புள்ளையும் கதைக்கப்படாதே!"

"மானை ஆர் மடியில வைச்சிருக்கினம்?" என்றார் மச்சாள்.

ராத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். ஊமை தொற்றாது என்பது தெரியும். ஆனாலும், மச்சாள் சொன்னது தொற்றைப் பற்றி இல்லையே. முயலுடன் இருக்க அவளுக்குப் பேச்சுத் தேவைப்படவில்லை என்பது உண்மைதானே. முயல் வந்த பிறகு அவள் என்னிடம் வந்து சட்டையை இழுப்பதுகூடக் குறைந்திருந்தது. முயல்களை அனுப்பாமல் இருந்து, நாளைக்கு அவள் பேசாமலே போனால்? அனுப்பிவிட்டு, அந்த ஏக்கத்தில் இன்னும் உள்ளுக்குள் போய்விட்டால்? இரண்டு பக்கமும் கிணறு.

அடுத்த கிழமை கணவரிடம், அவற்றைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன்.

"நீர் சொன்னால் சரி" என்றார். "ஆனால் நேற்று, வைச்சிருப்பம் எண்டும் நீர்தான் சொன்னனீர்."

"நேற்று நான் யோசிக்கேல்லை."

"அப்ப நாளைக்கும் ஒருக்கா யோசியும். ஞாயிறுதானே கட்டைபறிச்சானுக்குப் போறன்."

சனிக்கிழமை காலையில் பழைய பிஸ்கட் பெட்டியை எடுத்து அடியில் கடதாசி விரித்து வைத்தேன். மகள் அதைப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவளைப் பார்க்க ஏலாமல் இருந்தது. ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. காகம் செய்வோம் என்று முடிவெடுத்தேன். அதற்கொரு காரணமும் இருந்தது. 'கா' என்பது இலகுவான ஒலி. வாயைத் திறந்தாலே வந்துவிடும். முதற்சொல் 'கா' என்று வந்தாலும் வரட்டும். 'அம்மா'வை நான் அதற்குள் கைவிட்டிருந்தேன்.

ராத்தாவின் பழைய குடை ஒன்று சோளகக் காற்றில் உடைந்து எங்கள் மதிலோரம் கிடந்தது. அந்தக் கறுப்புத் துணியில் உடம்பை வெட்டித் தைத்து, கந்தல் அடைத்தேன். குடைக்கம்பி இரண்டை வளைத்துச் செட்டைக்குள் விட்டேன். சிரட்டையில் சீவிய சொண்டு. கழுத்துக்கு மட்டும் சாம்பல் நிறச் சீத்தைத் துணி, ஊர்க்காகத்துக்கு இருக்கிறது போல. நான் செய்த எல்லாவற்றிலும் அதுதான் திறமாக வந்தது. நூலை முதுகில் கட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் காலில் கட்டிவிட்டேன். தொங்கவிட்டபோது அது தலைகீழாக, ஒரு செட்டை விரிந்தபடி ஆடியது.

"காகம்" என்றேன் மகளிடம். "கா... கா..."

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. மின்கம்பியில் இருந்த காகம் ஒன்று கழுத்தைச் சரித்துப் பார்த்துவிட்டுக் கத்தத் தொடங்கியது. அடுத்தது வந்தது. பிறகு வேம்பிலிருந்து, கூரையிலிருந்து, மீன் சந்தைப் பக்கமிருந்து எல்லாம் வந்தன. தங்களில் ஒன்றைக் கொன்று கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று அவை நினைத்துவிட்டன. ஒழுங்கை முழுவதும் கறுப்பாகி, ஒரே கத்தல். படலையில் நின்ற மான்கள் பாய்ந்து ஓடின. வெள்ளை முயல் கூட்டுக்குள் பாய்ந்தது. சாம்பல் மட்டும் விறாந்தை நடுவில் காதைப் படியவைத்து நிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. பயத்திலேயே முயல் செத்துப்போகும் என்று நான் எங்கேயோ வாசித்திருந்தேன்.

கதிரையில் ஏறி நூலை அறுத்துக் காகத்தைக் கையில் எடுத்தேன். அது அதைவிடப் பெரிய பிழை. இப்போது கொலைகாரி யாரென்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று என் தலைமயிரைத் தட்டிக்கொண்டு போனது. இன்னொன்று முகத்துக்கு நேரே வந்தது.

"கையில இரிக்கிறத எறிங்க புள்ள!" மதிலுக்கு மேலால் ராத்தா விளக்குமாற்றை ஆட்டினார். "எறிஞ்சிட்டு உள்ளுக்கு ஓடுங்க!"

எறிந்தேன். உள்ளே ஓடிய பிறகுதான் மகள் கூட வரவில்லை என்று தெரிந்தது. திரும்பினேன். அவள் விறாந்தையில், சாம்பல் முயலுக்கு முன்னால், கால்களை அகட்டிக்கொண்டு நின்றாள். கூரை விளிம்பில் இருந்த காகங்களைப் பார்த்து ஒரு விரலை நீட்டினாள்.

"ஏலாது!" என்றாள்.

குரல் கரகரப்பாக, அவளுடைய உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. காகம் ஒன்று கத்தியது. அவள் விரலை ஆட்டினாள்.

"ஏலாது! ஏலாது!"

நான் அவளைத் தூக்கியதும், முயலை ஒரு கையால் அள்ளியதும், மூன்று பேருமாகக் கதவுக்குப் பின்னால் நிலத்தில் இருந்ததும் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. நான் அழுதேன். அவள் என் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முயலின் காதை நீவிவிட்டாள். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

காகங்கள் கலைந்த பிறகு ராத்தா வந்தார். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கா எண்டு சொல்லும் எண்டு காகம் செஞ்சீங்க. புள்ள உங்களப் போலயே சொல்லிட்டு. விரலும் உங்கட விரல்தான். நான் மதிலுக்கு அங்கால இரிந்து நாளைக்கு எத்தின ஏலாது கேக்கிறன் தெரியுமா?"

ஞாயிற்றுக்கிழமை மச்சாள் வந்தார். கணவர் நடந்ததைச் சொன்னார். மச்சாள் வாசலில் கிடந்த பெட்டியைக் காட்டினார்.

"பாத்தியளே! முயலை அனுப்பப்போறம் எண்ட உடனேயே வாய் திறந்திட்டுது. நான் சொன்னனான்தானே?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. முயல்களும் போகவில்லை. பெட்டியை அவையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்தன.

அதற்குப் பிறகும் சொற்கள் மெதுவாகத்தான் வந்தன. 'தா' வந்தது. 'அங்க' வந்தது. 'கங்குன்' வந்து கன நாளைக்குப் பிறகுதான் 'அம்மா' வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். ஒரு நாள் முயல்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னோம். வெள்ளையைக் காட்டி "முயல்" என்றாள். மற்றதுக்கு என்று கேட்டோம். எங்களை விளங்காதவர்களைப் பார்ப்பது போலப் பார்த்து, "அதுவும் முயல்தானே" என்றாள். அதுதான் அவள் பேசிய முதல் முழு வசனம்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து வீடு வரைக்கும் வாய் மூடுவதில்லை. ஒழுங்கையில் நிற்கிற மானுக்கும், ராத்தாவுக்கும், வீட்டுப்பாடத்துக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. வெள்ளை முயல் போன மாரியில் செத்துப்போனது. சாம்பல் முயல் கிழண்டு, நாள் முழுவதும் விறாந்தைச் சீமெந்தில் படுத்திருக்கிறது. நான் இன்னும் தைக்கிறேன். பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு வண்ணத்துப்பூச்சிச் செட்டை, கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்கு ஆடு. தைக்கும்போது அவள் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருப்பாள். சில நேரம், அந்தப் பின்னேரங்களில் ஒன்றே ஒன்று திரும்பி வந்தால் போதும், இந்தத் தடவை அவளுடைய உதட்டைப் பார்க்காமல் முகத்தைப் பார்ப்பேன் என்று எனக்குத் தோன்றும். தோன்றிய உடனேயே, இப்படி நினைப்பது பாவமோ, கேட்டு வாங்கியதைப் பழிக்கிறேனோ என்று பயமும் வரும்.

போன கிழமை ஆட்டுக்கு வால் தைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, நான் சின்னனில கதைக்கிறேல்லையாம். மாமி சொன்னவ. அப்ப நான் என்ன செய்தனான்?"

"நூலைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். முயலுக்குச் சாப்பாடு குடுத்தனீங்கள். நான் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"பொய்" என்றாள். "நான் கதைச்சனான். முயலோட மெதுவாக் கதைச்சனான். நீங்கள்தான் கதைச்சுக்கொண்டே இருந்தனீங்கள், உங்களுக்குக் கேக்கேல்லை."

"என்ன கதைச்சனீங்கள்?"

"அது முயலுக்குச் சொன்னது" என்றாள்.

அவள் சொல்வதில் பாதி இப்படிக் கட்டிச் சொல்வதுதான். இதுவும் அப்படித்தான் இருக்கும். நான் ஊசியை வைத்துவிட்டு, அவள் மேலே சொல்வாளோ என்று காத்திருந்தேன்.