ஐஸ் வண்டியும் வீராசாமி அண்ணன் இருமலும்

ஐஸ் விற்கிறவன் வாடிக்கைக்காரரோடு நின்று சண்டைகூடப் போட முடியாது, அதற்குள் சரக்கு கரைந்துவிடும். வாசல் வாசலாக ஏறி இறங்கிப் பிழைக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு சாக்கு

மலாயாவில், கிள்ளானில் எங்கள் ஐஸ் ஆலையில் தண்ணீரை உறைய வைப்பது அம்மோனியா என்ற வாயு. குழாயில் அது கசிந்தால் ஈரச்சாக்கைச் சுற்றிவிடுவோம். ஈரம் அதை இழுத்துக்கொள்ளும், மிஷினை நிறுத்த வேண்டாம். சீனப் பெருநாள் நெருங்கி ஐஸுக்குக் கிராக்கி கூடியபோது சாக்குக்கு மேல் சாக்காக ஏறிக் குழாயே தெரியவில்லை. மிஷின் பார்க்கும் வீராசாமி அண்ணன், ஒரு நாள் நிறுத்திக் குழாயை மாற்றலாமே என்றார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குப் பொறுக்கவில்லை.

"பெருநாள் முடியட்டும்லா. இன்னொரு சாக்கைச் சுத்து!"

கட்டி சிறுத்தது

மறுநாள் காலை குழாய் பிய்த்துக்கொண்டது. உள்ளே இருந்த இருவர் வாசலை எட்டுமுன் விழுந்து செத்தார்கள். வீராசாமி அண்ணன் தவழ்ந்து வந்து பிழைத்தார், நெஞ்சு வெந்துபோய். நான் வெளியே வண்டியில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். பிணங்களைத் தூக்கும்போதே, ஏற்றிய ஐஸ் வீணாகுமென்று என்னை விரட்டினார்கள். நானும் போனேனே, வெட்கங்கெட்டவன்! பண்டமாரானில் சர்பத் கடைக்காரரிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் கண் ஐஸ் மேலேயே இருந்தது.

"பாவம்தான் தம்பி. அதுக்காகக் கட்டி இவ்வளவு சிறுசா இருந்தா எப்படி?"

எது உண்மை

வீராசாமி அண்ணன் இருந்தது கம்பெனி வீடு. வேலை போனால் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருதான். மிஷின் வேலைக்கு இனி ஆகமாட்டார், வாடிக்கைக்காரர் யாரும் குறை சொல்லாதவரை வண்டியில் போகலாம் என்று என்னோடு அனுப்பினார்கள். முதல் வீட்டிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. "காசநோயா?" என்று வீட்டுக்கார அம்மாள் பின்வாங்கினாள். இல்லையம்மா, ஐஸ் செய்கிற வாயு நெஞ்சில் ஏறியது, மற்றவருக்கு ஒட்டாது என்று உண்மையைச் சொன்னேன்.

"அந்த விஷக்காத்துல செஞ்சதையா என் புள்ளைங்களுக்குக் குடுத்தே?"

ஆபீசுக்குப் புகார் போனது. அண்ணனுக்கு இன்னும் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தார்கள். வாயுப் பேச்சை இன்னொரு முறை எடுத்தால் எனக்கும் வேலை இல்லை என்றார் கிராணி.

அடுத்த நாள் வேறொரு வீடு, அதே இருமல், அதே கேள்வி. அந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஐஸைப் பார்த்தேன். என் வாய்க்குப் பூட்டு போட்டது பயம், வேறென்ன? வீராசாமி அண்ணன்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"காசம்தான்மா. ஐஸ் நல்ல ஐஸு, நோவு எனக்குத்தான். நாளையிலேர்ந்து நான் வரல, தம்பி மட்டும் வரும்."

அந்த வாரமே வேலை போய் அவர் குடும்பம் கம்பெனி வீட்டைக் காலி செய்தது, அந்த அக்கா மட்டும் இன்றுவரை என் சரக்கில் ஒரு குறையும் சொன்னதில்லை.