வான்கோழி ஆறும் வரை

மேசை நடுவே, பேக்கரித் தகரத்தட்டில், வெள்ளைத் துண்டு போர்த்திய வான்கோழி ஒன்று இருந்தது. துண்டின் ஓரங்களில் ஆவி கசிந்துகொண்டிருந்தது. சுற்றி நான்கு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தோம். வேறு யாரும் எடுத்துவிடாதபடி அத்தான் கத்தியைத் தன் மடியில் வைத்திருந்தார். செகந்திராபாத்தில், எழுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் மதியம்.

அத்தான் என் அக்காவின் கணவர். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில், எஃகை உலையிலிட்டுப் பதப்படுத்தும் பிரிவில் அவருக்கு வேலை. இரண்டு தலைமுறையாக அதே ஊரின் லோத்குண்டா பகுதியில் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகள். செகந்திராபாத்துக்கு ரயில்வே கார்டாக வந்து ஓய்வுபெற்ற அப்பா, அத்தானின் கோவிலில் நடந்த அக்காவின் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன்பின் மூன்று வருடம் அவர்கள் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை. அம்மா இறந்துவிட்டதால் எங்கள் வீட்டில் அவரும் நானும்தான். தினமும் மாலை ஜெபத்தில் உறவினர் பெயர்களை வரிசையாகச் சொல்வார். வரிசை அக்காவின் பெயரில் முடியும், உடனே ஆமென். அத்தானின் பெயர் வந்ததே இல்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கேட்பது ஒன்றுதான்: "அப்பா இவுக பேரச் சொன்னாங்களாட்டி?" நான் இல்லையென்று தலையசைப்பேன்.

அந்த வருடம்தான் அப்பா முதன்முதலாகச் சாப்பிட வரச் சம்மதித்தார். "பன்னெண்டரைக்கு வருவேன். ஒண்ணரை பஸ்ஸுக்குக் கெளம்பிருவேன்" என்று சொல்லியனுப்பினார். முந்தைய வருடம் அத்தான் செய்த வான்கோழி தேங்காய் நார் மாதிரி இருந்தது. அடுப்பிலிருந்து வந்ததும் வெட்டியதில் சாறெல்லாம் தட்டில் ஓடிவிட்டது. அதை ஒரு வருடம் யோசித்துவைத்திருந்தார் அத்தான். இம்முறை உப்பும் மிளகும் பிரிஞ்சி இலையும் போட்ட தண்ணீரில் கோழியை முதல் நாள் முழுக்க அண்டாவில் ஊறவைத்தார். தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை விட்டு வெண்ணெய் தடவினார். தொடை வேகுமுன் நெஞ்சுக்கறி வறண்டுவிடாமலிருக்க, வெண்ணெயில் நனைத்த பழைய வேட்டித் துணியை அதன்மேல் போர்த்தினார்.

வீட்டில் அதற்கான அடுப்பு கிடையாது. அந்த வட்டாரத்தில் எல்லோருடைய கேக்கும் வேகுகிற பேக்கரியின் விறகடுப்பில்தான் வான்கோழியும் வெந்தது. கோவிலிலிருந்து நேராக அங்கே போன அத்தான், தொழிற்சாலை உலைமுன் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறக்கச் சொன்னார். "காய்கு, எதுக்கு இவ்ளோ அவசரம் பாயி? இது இனிமே எங்கயும் ஓடாது" என்று மேஸ்திரி சிரித்தாராம். தொடையில் கம்பியைக் குத்தியபோது சாறு தெளிவாக வந்த பிறகே அத்தான் தட்டை எடுத்தார். ஆட்டோவில் மடியில் வைத்து அவர் கொண்டுவந்து சேர்க்கும்போது மணி பன்னிரண்டரை. அப்பா பத்து நிமிடம் முன்பே வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா கத்தியை எடுத்தாள். "நக்கோ, வேணாம்!" என்று அதைப் பிடுங்கினார் அத்தான். "அரை மணி ஆறட்டும். இப்ப வெட்டினா போன வருஷக் கததான்."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, சிக்னல் விழலியோ?" என்று என்னிடம் கேட்டார். அத்தானோடு அவர் நேராகப் பேசுவதில்லை.

அக்கா என் காதருகே குனிந்தாள். "அப்பாவ ஜெபம் பண்ணச் சொல்லுட்டி. அரை மணி தானா ஓடிரும்."

அது அத்தானுக்கும் கேட்டுவிட்டது. அவர்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் என்பது சிலுவை அடையாளமும் இரண்டு வரியும். பத்து நொடியில் தட்டு நிறையும். இருந்தும் அவரே கேட்டார்: "மாமா, நீங்க ஜெபம் பண்றீங்களா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

பெத்லகேமில் தொடங்கினார். பாளையங்கோட்டையில் பெய்த மழைக்கு நன்றி சொன்னார். பண்டிகை நாளில் வீட்டைவிட்டு வண்டியோட்டும் ரயில்வேக்காரர்களுக்காக, ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களுக்காக, அவர்களைக் கவனிக்கும் நர்ஸுகளுக்காக நிதானமாக மன்றாடினார். பிறகு பெயர்கள். ஊர்ச் சித்தப்பா, விஜயவாடா அத்தை, நான், அக்கா. அந்த இடத்தில் ஆமென் வரவேண்டும். வரவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். அக்காவும் திறந்திருந்தாள். அத்தான் மட்டும், மடியிலிருந்த கத்தியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"இத இவ்வளவு பொறுமையாச் சமைச்ச என் மருமகனையும்..." என்றார் அப்பா. பிறகு அத்தானின் முழுப்பெயரையும், அவர்கள் வழக்கப்படி முன்னால் வரும் புனிதரின் பெயரோடு சேர்த்தே, சொன்னார்.

ஆமென் சொல்லிவிட்டு அக்கா சமையலறைக்குள் போனாள், உடனே திரும்பவில்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் எத்தன நிமிஷம்?"

"ஆறு, மாமா."

"சரி, இருக்கட்டும்."

கத்தி இறங்கியபோது தட்டு காய்ந்தே இருந்தது. சாறு கறிக்குள்ளேயே நின்று மினுங்கியது. அப்பா இரண்டாம் முறை தட்டை நீட்டினார். ஒன்றரை பஸ் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

அப்பா இறந்து பல வருடமாகிறது. அக்கா வீட்டில் இப்போது வான்கோழி மின்சார அடுப்பில் வேகிறது. வெந்ததும் அதுவே மணியடிக்கிறது. ஆறவைக்கும் அரை மணி மட்டும் மாறவில்லை. அந்த நேரத்தில் ஜெபம் செய்பவர் அத்தான். பத்து நொடியில் முடித்தவரிடம் இன்று நீண்ட பெயர் வரிசை இருக்கிறது. அதில் முதல் பெயர் அப்பாவுடையது. எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை. அப்பா கேட்டிருந்தால் நடுவிலேயே கனைத்திருப்பார். இது அத்தானுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் நான் சத்தமாகவே ஆமென் சொல்கிறேன்.